அவள் உடைத்த சாட்சி

சொந்தப் பெருமையைச் சொந்தக் கையால் எழுதச் சொன்னால் வக்கீல்களுக்குக் கை வலிப்பதே இல்லை. அலுவலகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம், ஒவ்வொருவரும் தங்கள் தொழில் பின்னணியைப் பத்து வரிக்குள் எழுதித் தாருங்கள் என்று விளம்பரப் பிரிவுப் பெண் கேட்டதும், பத்து வரி எந்த மூலைக்கு என்று சண்டைக்குப் போனவர்கள் நான்கு பேர். அந்த அலுவலகத்தின் மூத்த வக்கீலான அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பதினெட்டு வருடமாக வணிக வழக்குகள் நடத்துகிறவள், அதில் பதினோரு வருடமாக ஒரே முதல் வரியைத்தான் வைத்திருந்தாள். ‘மருந்துச் சரக்கு வழக்கில் எதிர்த்தரப்பின் முக்கியச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் தகர்த்து, லாரி நிறுவனத்துக்கு முழு வெற்றி தேடித் தந்தவர்.’ இந்த வரியைப் பார்த்துத்தான் கட்சிக்காரர்கள் வந்தார்கள். இந்த வரியைப் பார்த்துத்தான் இந்த அலுவலகமே அவளை இழுத்துக்கொண்டது. ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்குப் பெயின்ட்டம்மாவைப் பார்க்கப் போனாள்.

பெயின்ட்டம்மா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். சின்னதாக ஒரு பெயின்ட் ஆலை நடத்துகிறவர், முப்பத்தைந்து பேருக்குச் சம்பளம் தருகிறவர், பேச ஆரம்பித்தால் மூச்சு விடாதவர். அவருடைய வழக்கு இதுதான். பெயின்ட்டுக்குப் பிசினாகப் போடும் ரெசினை விற்கும் ஒரு பெரிய நிறுவனம் அறுபது டிரம் அனுப்பியது. அதில் தண்ணீர் கலந்திருந்தது. அதைப் போட்டுச் செய்த பெயின்ட் ஒரே மாதத்தில் ஊரார் சுவர்களில் தோல் தோலாக உரிந்தது. டிரம்கள் முத்திரை உடையாமல்தான் வந்தன, தண்ணீர் உங்கள் ஆலையில்தான் சேர்ந்தது என்று நிறுவனம் சாதிக்கிறது. முத்திரை உடைந்துதான் வந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஆள், அன்று ஸ்டோரில் சரக்கு இறக்கிய ஸ்டோர் கீப்பர். இந்த வழக்கில் தோற்றால் ஆலைக்குப் பூட்டுதான். விசாரணைக்கு இன்னும் நான்கு நாள்.

“தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன் மேடம்,” என்றார் பெயின்ட்டம்மா. “இப்ப நம்மகிட்ட இல்ல, ஒரு பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன். வரமாட்டேன்னார். நான் விடுவேனா?”

கண்ணாடிச் சுவர் வைத்த அந்த அறையில், நீண்ட மேஜையின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தொடும் வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா. நாற்காலியில் முழுசாக உட்காராமல் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“மேடத்தை எனக்குத் தெரியும்,” என்றார்.

“அப்படியா? எந்த விஷயத்துல?” அவள் கட்சிக்காரர்களுக்கென்று வைத்திருக்கும் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“ரெண்டு நாள் பேசியிருக்கோம். நீங்க கேட்டீங்க. நான் ஆமா, இல்லன்னு சொன்னேன்.”

குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த இரண்டு பேனாதான் ஞாபகத்துக்கு வந்தது. நீல மை ஒன்று, கறுப்பு மை ஒன்று. அதை வைத்தே அன்று அவரிடம் அரை மணி நேரம் விளையாடியிருந்தாள்.

பெயின்ட்டம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அட, பழக்கமா? ரொம்ப நல்லதாப் போச்சு.”

நல்லதாகப் போனதா இல்லையா என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தலைவலி என்று பொய் சொல்லி, சாட்சி தயாரிப்பை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருந்துச் சரக்கு வழக்கின் பழைய தீர்ப்பு மேஜையின் கீழ் இழுப்பறையிலேயே இருந்தது. வெற்றி பெற்ற தீர்ப்பை யாரும் தூர வைப்பதில்லை. பதினேழாவது பக்கம். ‘இந்தச் சாட்சியின் வார்த்தையை நம்புவதற்கில்லை. பதிவேட்டைப் பின்னால் உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதியிருக்கிறார்.’ இதை வாசித்துக் காட்டி இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் மார் தட்டியிருக்கிறாள்.

இன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல், எல்லாரும் தேன் சார் என்று கூப்பிடுகிறவர். குரல் அப்படி, ஆளின் கழுத்தை அறுக்கும்போதும் ‘கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கங்க’ என்பார். அவர் இந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் போதும். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலுவலக இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறாளே, தேடவும் வேண்டாம். அன்றைக்குப் பொய்யன் என்று நிரூபித்தவரை இன்றைக்குச் சத்தியவான் என்று அழைத்து வருகிறீர்களா என்று கேட்டால், கேட்கிற கேள்வியில் என்ன தப்பு?

அதுகூடப் பரவாயில்லை. அவளை நாற்காலியில் உட்கார விடாமல் அடித்தது வேறொன்று. அன்று அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு அன்றே தெரியும்.

மருந்துப் பெட்டிகளை ஏற்றிய லாரி ஆறாம் தேதி வந்தது. குளிரிலேயே வந்திருக்க வேண்டிய பெட்டிகள் சூடாக இருந்தன என்று இவர் பதிவேட்டில் எழுதியது ஏழாம் தேதி. “லாரி வந்தது ஆறு, நீங்கள் எழுதியது ஏழு, ஆமாவா இல்லையா?” “ஆமா, ஆனா...” “ஆமாவா இல்லையா?” “ஆமா.” இப்படி இரண்டு நாள். அந்த ‘ஆனா’வை அவள் ஒரு தடவைகூடத் தாண்ட விடவில்லை. ஆனா என்பதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது, நானூறு பக்க ஆவணக் கட்டில் இருந்த வாசல் பதிவேட்டில் இருந்தது. லாரி உள்ளே நுழைந்த நேரம் இரவு பதினொன்று நாற்பது. பெட்டிகளை இறக்கிப் பிரிக்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது, தேதி மாறிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பக்கத்தை அவள் படித்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் புரட்டவில்லை. அவர் புரட்டாததற்கு அவள் என்ன செய்வாள்? அவளுடைய கட்சிக்காரருக்கு வேலை செய்தாள். எந்தச் சட்டப்படியும் அது தப்பில்லை. இதைத் தனக்குத்தானே எழுபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். எழுபத்தொன்றாவது தடவையும் மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். கணக்கு வாத்தியாரான கணவர் விடைத்தாள் கட்டுக்கு மேலிருந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இதுவரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் ஆச்சு. வெளியில நடந்திருந்தா காய்கறியாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்.”

“கணிதப் புத்தகம் எங்கடி?” என்று அவள் மகளின் பக்கம் திரும்பினாள். “பையில வெச்சியா இல்லையா? ஆமாவா இல்லையா?”

“அம்மா, ஆமான்னா ஒரு மாதிரி அர்த்தம் வரும், இல்லன்னா வேற மாதிரி வரும். நான் முழுசா சொல்றேனே,” என்றாள் பன்னிரண்டு வயதுக்காரி. தந்தையும் மகளும் சிரித்தார்கள். அந்த வீட்டில் இது பழைய கேலி. அவளுக்கு மட்டும் அன்று சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சும்மா நின்றாள்.

வழக்கை வேறு வக்கீலிடம் தள்ளிவிடலாமா என்றும் யோசித்தாள். மூன்று நாளில் அதைக் கையிலெடுக்க யார் வருவார்கள்? தவிர, பெயின்ட்டம்மாவிடம் என்ன காரணம் சொல்வது?

மறுநாள் ஸ்டோர் கீப்பரைத் தனியாக வரச் சொன்னாள். பள்ளிக்கூடக் காவல் வேலை முடிந்து அப்படியே வந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காலையிலிருந்து வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். ‘அன்னைக்கு நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்னு எனக்குத் தெரியும்.’ ஏழே வார்த்தை. நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் பேசுகிறவளுக்கு அந்த ஏழு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை.

“அந்தக் கேஸுக்கு அப்புறம்...” என்று ஆரம்பித்தாள்.

“வேலை போச்சு. தீர்ப்புல அப்படி எழுதினப்புறம் மருந்துக் கம்பெனில யாரு வெச்சுக்குவாங்க? ரெண்டு வருஷம் அங்க இங்க. அப்புறம் இந்த அம்மாதான் எடுத்துக்கிட்டாங்க. அவங்க தீர்ப்பெல்லாம் கேக்கல, சரக்குக் கணக்கு எழுதத் தெரியுமான்னு மட்டும் கேட்டாங்க. அதான் வந்தேன். இல்லேன்னா கோர்ட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டேன்.”

இதைக் கேட்டபின் ஏழு வார்த்தை இன்னும் கனத்துப் போனது. மென்று விழுங்கினாள். விழுங்கிவிட்டு, தொழில் பேச்சுக்குத் தாவினாள். எல்லாச் சாட்சிகளுக்கும் சொல்லும் பாடத்தையே அவருக்கும் சொன்னாள்.

“பழைய தீர்ப்பை எடுத்து வாசிப்பாங்க. வாசிச்சா மல்லுக்கட்டாதீங்க. கேட்டதுக்கு மட்டும் சுருக்கமா பதில். ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கங்க. ஒத்துக்கிற மனுஷனைத்தான் நீதிபதிங்க நம்புவாங்க.”

அவர் ஒரு பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஏதோ எழுதப் போனவர், எழுதாமல் திரும்பச் செருகிக்கொண்டார்.

“ஒத்துக்கணும். சரி மேடம்.”

போகும்போது நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். தன்மேல் எரிச்சல் வந்தால் அவள் மேஜையை ஒழுங்குபடுத்துவாள். அன்று மேஜை பளபளவென்று இருந்தது.

விசாரணை நாள். நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. பெயின்ட்டம்மா முன்வரிசையில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர் கீப்பர் கூண்டில் ஏறினார். முத்திரையைப் பற்றி அவள் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். அறுபதில் இருபத்திரண்டு டிரம்மில் முத்திரை உடைந்திருந்தது. டிரைவரிடம் சொன்னேன். ரசீதில் எழுதினேன். டிரைவர் தன் பிரதியைக் கிழித்துக்கொண்டு போன பிறகுதான் எழுதினேன், அதனால் அவர்கள் பிரதியில் இருக்காது. நீதிபதி தலையசைத்தபடி எழுதிக்கொண்டார். இதுவரைக்கும் சரி.

தேன் சார் எழுந்தார். முத்திரையைத் தொடவே இல்லை.

“ஐயா, உங்களுக்கு வயசென்ன, அறுபதா? இத்தனை தூரம் வந்ததுக்கு நன்றி. பதினோரு வருஷத்துக்கு முந்தி ஒரு கோர்ட் உங்களைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கு. நான் வாசிக்கட்டுமா?”

வாசித்தார். அந்த வரியை எழுத வைத்த வக்கீல் இன்று எதிர் மேஜையில்தான் இருக்கிறார் என்பதையும் ரொம்ப மரியாதையாக நீதிபதிக்குத் தெரியப்படுத்தினார். அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெயின்ட்டம்மாவும்தான். அவள் காது மடல் கொதித்தது.

“இந்தத் தீர்ப்பு சரியா, தப்பா?”

“சரிங்க சார்.”

“அப்ப அன்னைக்கு நீங்க பொய் சொன்னீங்க?”

ஸ்டோர் கீப்பர் அவளைப் பார்த்தார். பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிறேனா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“ஆமா சார். சொன்னேன்.”

தேன் சார் இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பார், மறுக்கும்போது சுருட்டிக்கொள்ளலாம் என்று வந்தவருக்குச் சுருட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நொடி தடுமாறி, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

“அப்ப இன்னைக்கும் சொல்லமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?”

“ஒரு பொய்யால வேலை போனவன் சார் நான். அதுக்கப்புறம் மறுபடி சொல்லுவேனா? இப்ப எனக்கு இந்தம்மாகிட்ட வேலையும் இல்ல.”

நீதிபதி நிமிர்ந்து அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, குனிந்து வேகமாக எழுதினார். பதினெட்டு வருட அனுபவத்தில் அந்தப் பேனா ஓடுகிற வேகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியும். நம்பிவிட்டார். தேன் சார் உட்கார்ந்துவிட்டார். பெயின்ட்டம்மா பின்னாலிருந்து அவள் கவுனின் ஓரத்தைப் பிடித்துச் சந்தோஷமாக இழுத்தார்.

“உங்க சாட்சிகிட்ட மறு விசாரணை உண்டா?” என்று அவளைக் கேட்டார் நீதிபதி.

இல்லை என்று சொல்லி உட்கார்ந்தால் போதும். ஆலை பிழைத்தது. அவளுடைய பழைய வெற்றிக்கும் சாட்சியின் வாயாலேயே முத்திரை விழுந்துவிட்டது. நியாயமாகத்தான் ஜெயித்தாய் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது. சொல்லாத பொய்யைச் சொன்னதாக ஒரு மனிதர் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறார், அதுவும் அவள் கற்றுக்கொடுத்த பாடத்தால். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தன் சாட்சி சொன்ன பொய்யின் மேல் உட்கார்ந்து எந்த வக்கீலும் ஜெயிக்கக் கூடாது. வேறு எந்தச் சட்டத்தை வளைத்தாலும் இதை வளைக்க முடியாது. எழுந்து கேட்டாலோ, இப்போது இந்தக் கூண்டில் பொய் சொன்னார் என்று ஆகிவிடும். முப்பத்தைந்து பேரின் பிழைப்பு போனாலும் போகலாம்.

எழுந்தே விட்டாள்.

“ஒரு கேள்வி. அந்தக் கேஸ்ல, நீங்க ஏழாம் தேதின்னு ஏன் எழுதினீங்க?”

அவர் விழித்தார். “மேடம்... ஒத்துக்கிட்டேனே.”

“ஒத்துக்க வேண்டாம். ஏன்னு சொல்லுங்க. முழுசா சொல்லுங்க, நான் குறுக்க பேசமாட்டேன்.”

“ஆட்சேபணை,” என்று தேன் சார் எழுந்தார். “சொந்தச் சாட்சியையே குறுக்கு விசாரணை பண்றாங்க.”

“பழைய தீர்ப்பை நடுவில கொண்டு வந்து வெச்சது நீங்கதானே,” என்றார் நீதிபதி. “பதில் சொல்லட்டும்.”

ஸ்டோர் கீப்பர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதலில் திக்கினார். பிறகு வந்தது. லாரி நுழைந்தது பதினொன்று நாற்பது. மழை. இறக்குகிற ஆட்கள் இரண்டே பேர். முதல் பெட்டியைப் பிரித்தபோது பன்னிரண்டே கால். கடிகாரத்தைப் பார்த்துத்தான் தேதி போட்டார். நீலப் பேனா மழையில் நனைந்து எழுதவில்லை, அதனால் பாதியில் கறுப்பு. வாசல் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றியது, ஒன்று சொல்லி ஒன்றுக்குத் தாவினார். ஒருவரும் நிறுத்தவில்லை. கடைசியில் பேச்சு தானாகத் தீர்ந்தது.

“அப்ப பொய் சொல்லலியா?” என்றார் நீதிபதி.

“இல்லீங்க.”

“பின்ன இப்ப ஏன் சொன்னேன்னீங்க?”

“ஒத்துக்கிட்டா நம்புவாங்கன்னு மேடம் சொன்னாங்க. அந்தம்மா கம்பெனி பிழைக்கணும்ல. எம்பேரு ஏற்கெனவே போனதுதானேன்னு...”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“வாசல் பதிவேடு அந்தக் கேஸ்ல ஆவணமா இருந்துச்சா?”

“இருந்தது. நான் படிச்சிருந்தேன். எனக்குத் தெரிஞ்சுதான் அவரைப் பேச விடல.”

“நீங்க சாட்சி இல்ல. உக்காருங்க,” என்றார் நீதிபதி. ஆனாலும் பேனாவை மறுபடி எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். இந்த முறை அது என்னவென்று அவளால் படிக்க முடியவில்லை. தீர்ப்பு அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

வராந்தாவில் பெயின்ட்டம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். “ஜெயிச்சுட்டு இருந்தோமே மேடம். எந்திரிச்சு ஏன் கெடுத்தீங்க? நாளைக்கு என் ஆளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” கண் கலங்கியிருந்தது. மன்னிச்சுக்கங்க என்று மட்டும் சொன்னாள். அதை வாங்கிக்கொள்ளாமலேயே பெயின்ட்டம்மா விறுவிறுவென்று படியிறங்கினார்.

ஸ்டோர் கீப்பர் தூணோரம் நின்றிருந்தார். சாயந்தரக் காவல் வேலைக்கு நேரமாகிவிட்டது போலிருந்தது, இருந்தும் போகவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றாள். நீதிமன்றப் பணியாளர் அறைக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

“இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே மேடம்,” என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சுற்றி வளைத்துச் சொல்ல அவளிடம் எத்தனையோ பதில்கள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

“கேட்டிருந்தா நான் தோத்திருப்பேன்.”

அவர் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாவையும் நேராக்கிக்கொண்டார்.

“நான் தோத்தேனே,” என்றார்.